கூகுள் தேடலில் உங்கள் பக்கம் மேலே வர: ஒரு மாவுப்பூச்சிக் கட்டுரையைத் திருத்திய கதை

செம்பருத்திச் செடியின் நுனியில் பஞ்சு பஞ்சாக, வெள்ளையாக எதையோ பார்க்கிறார் ஒருவர். உடனே போனை எடுத்து, "செம்பருத்தி செடியில் வெள்ளை பூச்சி போக என்ன செய்வது" என்று தட்டுகிறார். "மாவுப்பூச்சி மேலாண்மை" என்று அவர் தட்ட மாட்டார். அதன் பெயர் மாவுப்பூச்சி என்று தெரிந்திருந்தால் அவருக்குப் பாதித் தொல்லை தீர்ந்திருக்குமே!

இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிய வெகு நாளானது. மாடித்தோட்டத்துக்காக நான் நடத்தும் சிறு இணையதளத்தில் மாவுப்பூச்சி பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். தலைப்பு, "அழகுக்கு வந்த ஆபத்து!" ஆச்சரியக்குறி உட்பட ரசித்து வைத்த தலைப்பு. முதல் பத்தியில் செம்பருத்தியின் பெருமை, இரண்டாவதில் இயற்கையோடு இயைந்து வாழ்ந்த நம் முன்னோர், மூன்றாவதில்தான் பூச்சியே வரும். மாதக்கணக்கில் அந்தப் பக்கத்துக்கு ஆள் வரவில்லை. வந்த சிலரும் என் சொந்தக்காரர்கள். அவர்களுக்கு லிங்க் அனுப்பியதே நான்தான்.

அந்த ஒரு பக்கத்தை எப்படித் திருத்தினேன் என்பதை வைத்தே இந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தேடுபொறியில் நம் பக்கம் மேலே தெரியும்படி அதைச் சீர்செய்வதை எஸ்.இ.ஓ. (சர்ச் எஞ்சின் ஆப்டிமைசேஷன்) என்கிறார்கள். பெயர் பெரிதாக இருக்கிறது. வேலையில் பெரும்பகுதி எழுத்து வேலைதான்.

கூகுள் எங்கே தேடுகிறது?

நாம் தட்டியதும் கூகுள் இணையம் முழுவதும் ஓடிப் போய்த் தேடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சங்க நூல்களுக்குச் சொல்லடைவு பார்த்திருப்பீர்கள். "குறிஞ்சி" என்ற சொல் எந்தெந்தப் பாட்டில், எந்தெந்த அடியில் வருகிறது என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்த புத்தகம் அது. கூகுள் வைத்திருப்பதும் அப்படியொரு பிரமாண்டமான அடைவுதான். கூகுள்பாட் என்ற நிரல் லிங்க் பிடித்து லிங்க் பிடித்துப் பக்கம் பக்கமாகப் போய்ப் படித்துவிட்டு வரும். படித்ததைப் புரிந்துகொண்டு அடைவில் சேர்ப்பது அடுத்த வேலை. நாம் தேடும்போது அந்த அடைவிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்துவது மூன்றாவது வேலை.

இதில் கவனிக்க வேண்டியது: வரிசையில் மேலே வருவதற்கு முன்னால் அடைவுக்குள் இருக்க வேண்டும். உங்கள் பக்கம் உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் பக்கத்தின் முகவரியைப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே இல்லையென்றால் பெரும்பாலும் காரணம் எளிமையானது. உங்கள் தளத்தின் வேறெந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு லிங்க் இருக்காது. வழியே இல்லாத வீட்டுக்குத் தபால்காரர் எப்படிப் போவார்?

வரிசைப்படுத்தும் வேலைக்கு ஒரு கதை உண்டு. தொண்ணூறுகளின் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சொற்களை வைத்தே முடிவு செய்தன. ஒரு சொல் அடிக்கடி வந்தால் அந்தப் பக்கம் அதைப் பற்றியது என்று கணக்கு. ஆட்கள் சும்மா இருப்பார்களா? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் வேறு வழி யோசித்தார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் லிங்க் கொடுக்கின்றன, கொடுப்பவை எவ்வளவு மதிப்புள்ளவை என்று கணக்கிடும் பேஜ்ரேங்க் முறை அது. 1998இல் அதை வைத்தே கூகுள் நிறுவனம் தொடங்கியது. அப்புறம் லிங்க் விற்கும் கடைகள் முளைத்தன. அன்றிலிருந்து இன்றுவரை இது திருடன்–போலீஸ் ஆட்டம்தான். 2011 பிப்ரவரியில் வந்த பாண்டா மாற்றம் சாரமில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின், செயற்கையாகச் சேர்த்த லிங்க்குகளைக் குறிவைத்தது. 2022 ஆகஸ்டில், தேடுபொறிக்காகவே எழுதப்பட்ட பக்கங்களைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு வந்தது. 2024 மார்ச்சில் அதைக் கூகுளின் மைய முறையோடேயே சேர்த்துவிட்டார்கள்.

இந்த வரலாறு எதற்கு என்றால், ஆட்கள் தேடும் முக்கியச் சொல்லைக் கீவேர்ட் என்பார்கள், இன்னமும் சிலர் "கீவேர்டை இத்தனை சதவீதம் போடுங்கள்" என்று பாடம் எடுக்கிறார்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் கீவேர்ட் பட்டியல் ஒன்றை ஒளித்து வைக்கும் பழக்கமும் போகவில்லை. அந்தப் பட்டியலை வரிசைப்படுத்தக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது.

தேடுபவர் வாயில் வரும் சொல்

சரி, கட்டுரைக்கு வருவோம். நான் செய்த முதல் வேலை எழுதுவதல்ல, சொல் பொறுக்குவது. கூகுளில் "செம்பருத்தி செடியில்" என்று தட்டி நிறுத்தினால், ஆட்கள் வழக்கமாக எப்படி முடிக்கிறார்கள் என்று கீழே சில வரிகள் காட்டும். செடி விற்கும் நர்சரியில் பத்து நிமிடம் நின்று கேட்டாலும் போதும். "வெள்ளையா ஒட்டிட்டு இருக்கு", "பஞ்சு மாதிரி இருக்கு", "மொட்டு விரியாமலே விழுது", "எறும்பா ஏறுது". கேட்பவர்கள் அறிகுறியைச் சொல்கிறார்கள், நோயின் பெயரைச் சொல்வதில்லை. டாக்டரிடம் போகும்போதும் நாம் அப்படித்தானே?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. "வெள்ளைப் பூச்சி" என்று சிலர் சொல்வது மாவுப்பூச்சியை. வேறு சிலர் சொல்வது வெள்ளை ஈயை. முன்னது பஞ்சுபோல ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். பின்னது செடியைத் தட்டினால் குபீரென்று பறக்கும். தேடி வருபவருக்குத் தன் செடியில் இருப்பது எது என்றே தெரியாது. அப்படியானால் என் கட்டுரை முதலில் செய்ய வேண்டியது அதைப் பிரித்துக் காட்டுவதுதான். பழைய கட்டுரையில் அந்த வரியே இல்லை. சொல்லைத் தேடப் போனபோதுதான் விஷயத்திலேயே ஓட்டை இருப்பது தெரிந்தது. எஸ்.இ.ஓ.வில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

அப்புறம் ஊர். இலங்கையில் செம்பருத்தியைச் செவ்வரத்தை என்பார்கள். "இலங்கையில் செவ்வரத்தை என்று சொல்லும் இந்தச் செடி" என்று ஒரே ஒரு இடத்தில் எழுதினேன். அதுவும் இயல்பாக வரும் இடத்தில். அவ்வளவு போதும், பத்து முறை எழுத வேண்டியதில்லை.

தமிழில் ஒரு சொல் வேற்றுமை உருபு ஏற்று எத்தனையோ வடிவம் எடுக்கும்: செடி, செடியில், செடிக்கு, செடியிலிருந்து. எல்லா வடிவத்தையும் திணித்தால்தான் கூகுளுக்குப் புரியும் என்று பயந்து எழுதினால் கட்டுரை வாய்ப்பாடு மாதிரி ஆகிவிடும். ஒழுங்காக ஐந்து பத்தி எழுதினாலே இந்த வடிவங்கள் தாமாக வந்து விழும். ஒற்றுப் பிரச்சினையும் அப்படித்தான். தேடுபவர் "செம்பருத்தி செடி" என்று தட்டுவார், நாம் "செம்பருத்திச் செடி" என்று எழுதுவோம். இந்த ஒற்றால் ஒரு பக்கம் கெட்டுப்போனதை நான் பார்த்ததில்லை. ஒற்றைத் தைரியமாகப் போடுங்கள்.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களும் நிறைய. அதற்காகக் கட்டுரையைத் தங்கிலீஷில் எழுத வேண்டாம். தினமும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதுவரை யாருமே தட்டாதவை என்று கூகுளே பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. எல்லாச் சொற்றொடரையும் முன்கூட்டியே பிடித்துவிட யாராலும் முடியாது. கேள்வியைப் பிடித்தால் போதும்.

தலைப்பும் முதல் பத்தியும்

"அழகுக்கு வந்த ஆபத்து!" போய்விட்டது. கொஞ்சம் வலித்தது. புதிய தலைப்பு: "செம்பருத்திச் செடியில் வெள்ளைப் பூச்சி: மாவுப்பூச்சியை வீட்டிலேயே விரட்டுவது எப்படி". கவித்துவம் இல்லைதான். ஆனால் தேடல் முடிவில் பத்துத் தலைப்புகளுக்கு நடுவே இதைப் பார்ப்பவருக்கு "இது என் பிரச்சினை" என்று அரை நொடியில் தெரிந்துவிடும். பத்திரிகைத் தலைப்புக்குப் பக்கத்திலேயே படம் இருக்கும், கட்டுரை இருக்கும், பூடகமாக வைக்கலாம். தேடல் முடிவில் அது தனியாக நிற்கிறது. நீண்டால் கடைசியில் வெட்டிப் புள்ளி வைத்துவிடுவார்கள் என்பதால் முக்கியச் சொற்களை முன்னால் வையுங்கள். சில சமயம் கூகுள் நம் தலைப்பை மாற்றித் தானே ஒன்றைக் காட்டும். அப்படி நடந்தால், தலைப்பும் உள்ளடக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் இரண்டு வரி வருமே, அந்த விவரக்குறிப்பால் வரிசை மாறாது. ஆனால் கிளிக் செய்வதா வேண்டாமா என்று பலர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதையும் ஒழுங்காக எழுதுங்கள்.

பெரிய மாற்றம் முதல் பத்தியில். நம் எல்லோர் கையிலும் பள்ளிக்கூடத்து "முன்னுரை" ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதி மதிப்பெண் வாங்கிய கை, எதையும் ஆதிகாலத்திலிருந்துதான் தொடங்கும். செடி வாடுகிற பதற்றத்தில் வந்தவருக்கு முன்னோர் பெருமை எதற்கு? இப்போது முதல் பத்தி இப்படிப் போகிறது: "பஞ்சுபோல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. செடியைத் தட்டினால் பறப்பது வெள்ளை ஈ. மாவுப்பூச்சி அதிகமாக அப்பிய நுனிகளை வெட்டிப் போட்டுவிட்டு, மீதிச் செடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்." அவசரக்காரர் இதைப் படித்துவிட்டுப் போய்விடலாம். போகட்டுமே. ஏன், எப்படி என்று கேட்பவர் கீழே படிப்பார்.

உள்தலைப்புகளையும் மாற்றினேன். "அறிமுகம்", "பாதிப்புகள்", "தீர்வுகள்" என்று இருந்தவை "எறும்பு ஏன் ஏறுகிறது?", "தெளித்தும் திரும்பத் திரும்ப வருகிறதே?" என்று ஆயின. உள்தலைப்பைப் பார்த்தே கட்டுரையில் என்ன இருக்கிறது என்று மனிதருக்கும் தெரிய வேண்டும், நிரலுக்கும் தெரிய வேண்டும்.

எவ்வளவு நீளம் எழுதுவது என்பது எல்லோரும் கேட்பது. அதற்கு ஒரு எண் கிடையாது. ஓர் ஊரின் பின்கோடு சொல்ல ஒரு வரி போதும். மாவுப்பூச்சிக்கு இரண்டு பக்கம் தேவைப்பட்டது.

நீங்கள் செய்து பார்த்தது

கூகுள், தன் தேடல் முடிவுகள் தரமாக இருக்கின்றனவா என்று மதிப்பிட ஆட்களை வைத்திருக்கிறது. அவர்களுக்கான வழிகாட்டி நூல் பொதுவெளியில் கிடைக்கிறது. பக்கத்தை எழுதியவரின் துறையறிவு, அவருக்குள்ள மதிப்பு, நம்பகம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லி வந்த அந்த நூல், 2022 டிசம்பரில் நாலாவதாக ஒன்றைச் சேர்த்தது: நேரடி அனுபவம். அந்த ஆட்கள் போடும் மதிப்பெண் நேராக உங்கள் பக்கத்தை ஏற்றவோ இறக்கவோ செய்யாது. கூகுள் தன் முறையை எந்தத் திசையில் கொண்டுபோக விரும்புகிறது என்பது மட்டும் அதில் தெரியும்.

என் பழைய கட்டுரையில் அனுபவமே இல்லை. நாலு ஆங்கிலப் பக்கங்களைப் படித்துத் தொகுத்திருந்தேன். அதையே ஏற்கெனவே நாற்பது பேர் எழுதியிருக்கும்போது நாற்பத்தோராவது ஆளை எதற்கு மேலே ஏற்ற வேண்டும்? ஆனால் சொல்ல என்னிடம் விஷயம் இருந்தது. முதல் முறை சோப்பு சேர்க்காமல் வேப்பெண்ணெயைத் தண்ணீரில் ஊற்றினேன். எண்ணெய் மேலே மிதந்தது, தெளிப்பானிலிருந்து வெறும் தண்ணீர்தான் வந்தது. மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடும். சோப்பு இருந்தால்தான் கரைசல் அதன் மேல் பரவும். இலையின் அடிப்பக்கத்தை விட்டுவிட்டதால் மறுபடி வந்தது. எறும்பைக் கவனிக்காததால் மூன்றாம் முறையும் வந்தது. மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காத்து வளர்க்கிறது. இதையெல்லாம் எழுதினேன். என் தொட்டியை நானே எடுத்த படங்களைப் போட்டேன். நன்றாக வராத படங்கள்தான். ஆனாலும் எங்கிருந்தோ இறக்கிய பளபளப்பான படத்தைவிட அவை உதவும்.

ஆங்கிலப் பக்கங்களை எந்திரத்தில் போட்டு மொத்தமாகத் தமிழாக்கிக் கொட்டுகிற தளங்கள் நிறைய வந்துவிட்டன. வாசகருக்குப் புதிதாக எதுவும் தராமல் வரிசைக்காகவே இப்படிக் குவிப்பதைக் கூகுள் தன் விதிகளில் ஸ்பாம் என்றே சொல்கிறது. செயற்கை நுண்ணறிவைத் தொட்டாலே தீட்டு என்று அது சொல்லவில்லை. எதைக் கொண்டு எழுதினாலும் அதில் சரக்கு இருக்க வேண்டும்.

தமிழ்த் தளங்களுக்கு மட்டும் சில தலைவலிகள்

பழைய தளங்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. திரையில் "அம்மா" என்று தெரியும். அடியில் கணினி வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகளை. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் போட்டு விடுகிறது, அவ்வளவுதான். கூகுள் வேஷத்தைப் பார்ப்பதில்லை, அடியில் இருப்பதைத்தான் படிக்கிறது. எத்தனை அருமையான கட்டுரைகள் இப்படி யார் கண்ணிலும் படாமல் கிடக்கின்றன! தமிழைத் தமிழ் எழுத்தாகவே கணினியில் வைக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய தளம் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையில் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது, கட்டுரையையே படமாகப் போடுவது. வாட்ஸ்அப்பில் அனுப்ப வசதி என்று வண்ணப் பின்னணியில் எழுத்தைப் பதித்த படம் செய்து, அதையே தளத்திலும் ஏற்றிவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்காதீர்கள், கீழே எழுத்தாகவும் போடுங்கள். படத்துக்கு மாற்று உரை எழுத ஓர் இடம் இருக்கும். "படம் 1" என்று எழுதாமல் "செம்பருத்தி மொட்டில் ஒட்டியுள்ள மாவுப்பூச்சி" என்று எழுதினால், கூகுளுக்கும் உதவும், திரைவாசிப்பானில் கேட்கும் பார்வையற்ற வாசகருக்கும் உதவும்.

பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைக்கலாமா? வைக்கலாம், கூகுள் ஏற்கும். ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் அது சதவீதக் குறிகளாக உடைந்துவிடும். "செம்பருத்தி" என்ற ஒரே சொல் 99 குறிகளாக நீளும். குடும்ப குரூப்பில் அதைப் பார்ப்பவர் வைரஸ் என்று பயந்து தொட மாட்டார். நான் ஆங்கில எழுத்தில் சின்னதாக வைத்துக்கொள்கிறேன். இது என் வசதி, விதியல்ல.

லிங்க், வேகம், இன்ன பிற

உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு லிங்க் கொடுங்கள். "இங்கே கிளிக் செய்யவும்" என்ற சொற்களில் கொடுக்காதீர்கள், "வேப்பெண்ணெய்க் கரைசல் தயாரிக்கும் முறை" என்ற சொற்களில் கொடுங்கள். போகிற இடம் என்ன என்று அந்தச் சொற்களே சொல்லிவிடும். வெளியார் லிங்க் தருவது நம் கையில் இல்லை. காசு கொடுத்து வாங்காதீர்கள். "ஒரே வாரத்தில் முதல் இடம்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

வேகத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான சிறு தளங்களில் குற்றவாளி படங்கள்தான். போனில் எடுத்த 5 எம்.பி. படத்தை அப்படியே ஏற்றுகிறோம். சுருக்கி ஏற்றுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். படித்துக்கொண்டிருக்கும்போது விளம்பரம் நுழைந்து வரிகளைக் கீழே தள்ளுவதையும் அது அளக்கிறது. கூகுள்பாட் உங்கள் பக்கத்தைச் செல்போன் வடிவத்தில்தான் படிக்கிறது என்பதால் சோதிப்பதையும் செல்போனிலேயே சோதியுங்கள். இவற்றுக்காக ராத்தூக்கம் கெட வேண்டாம். வேகமான வெற்றுப் பக்கம் வெற்றுப் பக்கம்தான்.

திருத்தியபின்

உடனே எதுவும் நடக்கவில்லை. கூகுள்பாட் மறுபடி வந்து படிக்க வேண்டும், அது சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அதற்குள் நான் இன்னொரு தப்பைக் கண்டுபிடித்தேன். மாவுப்பூச்சி பற்றியே என் தளத்தில் மூன்று பக்கங்கள் இருந்தன. வருடத்துக்கு ஒன்று எழுதியிருக்கிறேன், மறந்துவிட்டேன். மூன்றும் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டிருந்தன. மற்ற இரண்டிலும் உருப்படியாக இருந்ததை இதில் சேர்த்து, அந்த முகவரிகளுக்கு வருபவர்கள் இங்கே வந்து சேரும்படி நிரந்தரத் திருப்பம் வைத்தேன்.

சர்ச் கன்சோலைத் திறந்தால் எந்தச் சொற்களைத் தட்டியபோது நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எந்த இடத்தில் இருந்தது என்று 16 மாதக் கணக்கு கிடைக்கும். தினமும் பார்த்துப் பதறாதீர்கள். நான் மாதம் ஒருமுறை பார்க்கிறேன், அதிலும் நேராக, தேடல் முடிவுகளின் இரண்டாம் பக்கத்தில் நம் பக்கம் கிடக்கும் தேடல்களுக்குப் போகிறேன். கூகுள் நம்மைப் பொருத்தம் என்று நினைத்து, ஆனால் போதவில்லை என்று கீழே வைத்திருக்கும் கேள்விகள் அவை. "மொட்டு விரியாமல் விழுவது" அப்படித்தான் கிடைத்தது. அதற்குத் தனியாக இரண்டு பத்தி சேர்த்தேன். தேதியை மட்டும் மாற்றிப் புதுக் கட்டுரைபோலக் காட்டும் தந்திரம் சிலரிடம் இருக்கிறது. உள்ளே எதுவும் மாறவில்லையென்றால் அதனால் பயனில்லை.

இப்போது அந்தப் பக்கத்துக்குச் சொந்தக்காரர் அல்லாதவர்களும் வருகிறார்கள். போன மாதப் பட்டியலின் அடியில் ஒரு தேடல் கிடந்தது: "வேப்பெண்ணெய் அடித்த செம்பருத்தி இலையை தலைக்கு தேய்க்கலாமா". என் கட்டுரையில் இதற்குப் பதில் இல்லை. செடியைக் காப்பாற்றுவதைப் பற்றியே யோசித்தேன், அந்த இலையை அரைத்துத் தலைக்குத் தேய்ப்பவர்கள் என் வீட்டிலேயே இருந்தும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுத வேண்டும்.